கொடைப் பந்தலில் கணியானின் இடம்

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ என்னும் நெற்போகத்தை அறுத்து நெல் வீடு சேர்ந்ததும், ஊர்த் தெய்வங்களுக்குத் திருவிழா எடுக்கும் கொடைக் காலம் தொடங்கிவிடும். பங்குனியிலிருந்து ஆடி வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் செவ்வாய், வெள்ளி தோறும் ஏதாவது ஓர் ஊரில் பந்தல் நிற்கும். அம்மன் கோயில்களுக்குப் பெரும்பாலும் வில்லுப்பாட்டு போதும். சுடலைமாடனுக்குக் கொடை என்றால் பல ஊர்களில் வில்லோடு கணியான் கூத்தும் வேண்டும். கணியான் வந்து பாடி, மகுடம் என்னும் தோற்கருவியை அடித்து, திரளை என்னும் இரத்தம் கலந்த சோற்றைக் கொடுத்தால்தான் மாடன் மனம் குளிர்வான் என்பது அந்த ஊர்களின் நம்பிக்கை. மாடனுக்கு இவ்வளவு வேண்டியவராக இருக்கும் அந்தக் கலைஞர் கொடை நடக்கும் நாட்களில் எங்கே உட்காருகிறார், எதில் தண்ணீர் குடிக்கிறார், கூலியை யார் கையிலிருந்து எப்படி வாங்குகிறார் என்று கவனித்தால் சாதி எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். பாட்டு நடக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் ஒளிந்துகொள்கிறது. பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள மணிநேரங்களில் வெளியே வருகிறது.

கணியான் குழு வழக்கமாக ஏழு பேர். கதையைப் பாடி நடத்துபவர் அண்ணாவி. அவருக்குப் பின்பாட்டுக்காரர் ஒருவர், ஜால்ரா ஒருவர், மகுடக்காரர் இருவர், பெண் வேடமிட்டு ஆடுபவர் இருவர். பெண் வேடம் போடுபவர்களும் ஆண்களே. மகுடம் வட்டமான மரச்சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிச் செய்யும் கருவி, கையால் அடிப்பார்கள். ஒன்று உச்சம், மற்றது மந்தம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆட்டக்காரருக்குக் கால் வராது. தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி தீயில் வாட்ட வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. வைகாசிப் பாதியில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அரைமணிக்கு ஒருமுறை வாட்டினாலும் மந்தம் தொய்ந்துபோகும். கூடுதலாகக் காட்டினால் பசை விட்டு விளிம்பு பிரியும், இல்லையென்றால் தோல் வெடிக்கும். அதனால் தீ மூட்டும் இடம் ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த இடம் எது என்பதில் பின்னால் சாதியும் வந்து நிற்கும்.

வில்லுப்பாட்டு ஒரு சாதிக்கு மட்டும் உரியதல்ல. பல சாதியினரும் பாடுகிறார்கள், பெண்களும் குழு நடத்துகிறார்கள், தேவாலயத் திருவிழாக்களில்கூட விவிலியக் கதையை வில்லில் சொல்வது குமரியில் உண்டு. ஆகவே வில்லடிக்கும் ஒருவரை ஊர் முதலில் புலவர் என்று பார்க்க வாய்ப்பிருக்கிறது. கணியான் கூத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. கலையின் பெயரே சாதியின் பெயர். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் உள்ள சிறிய சமூகம் அது. குடும்பங்கள் நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் கூடுதல், குமரியில் குறைவு. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வேன் பிடித்து வந்து பாடிவிட்டுப் போகும் குழுக்களும் உண்டு. வெளியூர்க்காரராக, எண்ணிக்கையில் சிறியவராக, சாதியை மறைக்க வழியில்லாதவராக ஒரு கலைஞர் ஊருக்குள் வந்து இறங்குகிறார்.

வந்து இறங்கும் ஊருக்கும் ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியில் தீண்டாமையோடு நிற்காமல், இன்ன சாதியார் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்ற கணக்கும் நடைமுறையில் இருந்தது. குடை பிடிக்க, செருப்புப் போட, பொன் நகை அணியத் தடை இருந்தது; பெண்கள் மார்பை மறைக்கவும் தடை இருந்தது. இந்த மண் அதை எதிர்த்தும் நின்றது. 1809இல் மயிலாடியில் தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவ ஆலயம் எழுந்தபோது அதற்கு முன்னின்றவர் சாம்பவர் சமூகத்தின் மகாராசன் வேதமாணிக்கம். அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் வைத்தார். 1855இல் அடிமை முறை ஒழிந்தது. மார்பை மறைக்கும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் நாற்பது ஆண்டுக்கு நெருங்கி நடந்து 1859இல் அரசாணையில் முடிந்தது. 1926இல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது.

இவற்றால் தெரு திறந்தது, துணி கிடைத்தது, அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பெரிய கோயில்களின் நடை திறந்தது. கொடை நடக்கும் கோயில்களோ பெரும்பாலும் ஊருக்கோ, ஒரு சாதிக்கோ, ஒரு குடும்பத்துக்கோ சொந்தம். கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு நடத்துகிறார்கள். அங்கே யார் எந்தக் கோட்டைத் தாண்டலாம் என்பது எழுதப்படாத வழக்கம். எழுதப்படாததை ரத்து செய்ய ஆணை போட முடியாது. ஒவ்வொரு கொடையிலும் ஒவ்வொரு குழுவும் பேசிப் பேசித்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதல் பேச்சு அச்சாரத்தில். கொடைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு நிர்வாகக் குழுவிலிருந்து இருவர் அண்ணாவி வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுப்பது முறை. வீட்டுக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, கையில் கொடுக்கும் ஊரும் உண்டு. முற்றத்தில் வண்டியை அணைக்காமல் நின்றபடி பெயர் சொல்லி வெளியே கூப்பிடும் ஊரும் உண்டு. இப்போது பாதி அச்சாரம் கைப்பேசிப் பணப்பரிமாற்றத்தில் போய்விடுவதால் இந்தக் காட்சி குறைந்திருக்கிறது. அனுபவமுள்ள அண்ணாவிகள் அந்த நேரத்திலேயே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்: மொத்தத் தொகை, எத்தனை இரவு, வேன் வாடகை யாருடையது, கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் கைவெட்டு உண்டா, உண்டானால் அதற்குத் தனியாக எவ்வளவு, மழை வந்து பாதியில் நின்றால் என்ன, உடை மாற்ற அறை எங்கே, சாப்பாடு எங்கே. கடைசி இரண்டையும் கேட்க முன்பெல்லாம் வாய் வராது. இப்போது கேட்கிறார்கள். ஒரு தாளில் எழுதி இருவர் கையெழுத்தும் வாங்குவது நல்லது. அதைக் கைப்பேசியில் படமெடுத்து நிர்வாகத்துக்கே அனுப்பிவிட்டால் பின்னால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. எழுத்தில் கேட்டால் ஊர் கோபித்துக்கொள்ளும் என்ற பயம் பல குழுக்களுக்கு இருக்கிறது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது: ஒரு நிர்வாகம் கைவிட்டால் அவர்களுக்குச் சொந்தமுள்ள நாலு ஊரும் சேர்ந்தே கைவிடும்.

கொடை நாளில் குழு மாலைக்குள் வந்துவிடும். முதல் சிக்கல் தேநீர். தனி டம்ளர் இன்று வெளிப்படையாகப் பெரும்பாலும் இல்லை. காகிதக் கோப்பை வந்து அதை மூடிவிட்டது. எல்லாருக்கும் காகிதக் கோப்பை என்றால் எந்தக் குறையும் இல்லை. நிர்வாகிகளுக்குக் கண்ணாடி டம்ளரும் நையாண்டி மேளத்துக்கும் கணியான் குழுவுக்கும் மட்டும் காகிதக் கோப்பையும் வருகிறபோது பழைய வழக்கம் புதுப் பொருளில் தொடர்கிறது என்று அர்த்தம். கோப்பையைக் கையில் தராமல் திண்டில் வைத்துவிட்டுப் போவது அதன் இன்னொரு வடிவம்.

சாப்பாட்டில் இது இன்னும் தெளிவு. பந்தியில் முதல் வரிசை வரிதாரர், அடுத்து விருந்தாளி, கடைசியில் கலைஞர். அல்லது கலைஞருக்குக் கோயிலின் பின்புறம் தனி இலை. நேரம் போய்விட்டது, கூட்டம் கூடுதல், இடம் இல்லை என்று காரணம் சொல்லப்படும். காரணம் உண்மையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதே கொடைக்கு வந்த வில்லுப்பாட்டுக் குழு எங்கே சாப்பிடுகிறது என்று பாருங்கள். பல குழுக்கள் இதற்குச் சொந்தமாக வழி கண்டிருக்கின்றன. சமைத்த சோறு வேண்டாம், படியாகத் தந்துவிடுங்கள் என்று ஏழு பேருக்கு ஒரு நாளைக்கு மூன்று கிலோ அரிசி, பருப்பு, காய், எண்ணெய், விறகோ எரிவாயுவோ கேட்டு வாங்கித் தாங்களே பொங்கிக்கொள்வார்கள். சொந்தப் பாய், சொந்தத் தண்ணீர்க் கேன், சொந்த டம்ளர். வயிறும் கெடாது, மனமும் நோகாது. ஆனால் இந்தத் தற்காப்பால் ஊருக்கும் வசதியாகிவிடுகிறது, பந்தியைப் பற்றிய கேள்வியே எழாமல் போகிறது. படி கேட்பதை விடப் பந்தியில் இடம் கேட்பது கடினம் என்றாலும், கேட்க முடிந்த ஊரில் கேட்பதே சரி என்று நினைக்கிறோம்.

தீ மூட்டும் இடத்தை ஊர் பெரும்பாலும் கோயிலின் பின்புறமோ குப்பை ஒதுக்கிய மூலையிலோ காட்டும். முன்புறம் புகை வரும் என்பார்கள். புகை உண்மைதான். பின்புறம் தூரமானால் மகுடக்காரர் ஒருவர் பாட்டின் நடுவே எழுந்து ஓடி, வாட்டி வருவதற்குள் தாளம் ஒற்றை மகுடத்தில் தள்ளாடும். பிறகு ஆட்டம் சரியில்லை என்று ஊரே குறை சொல்லும். மாற்று மகுடம் ஒன்று கூடுதலாக வைத்திருந்து, ஒன்று அடிபடும்போது மற்றதை வாட்டிக்கொள்வது ஒரு வழி. பந்தலிலிருந்து காற்று வெளியே போகும் ஓரத்தில் இரும்புச் சட்டியில் தீ வைத்தால் புகையும் சிக்கலாகாது. இடம் கேட்கும்போது இந்த வழியையும் சேர்த்துச் சொன்னால் மறுக்கக் காரணம் கிடைக்காது. உடை மாற்றும் இடம் இதைவிட முக்கியம். பெண் வேடக்காரர் இருவருக்கும் மறைப்பு, விளக்கு, கண்ணாடி, தண்ணீர் வேண்டும். மாட்டுத் தொழுவத்தையோ வேனின் பின்பக்கத்தையோ காட்டும் ஊர்கள் இன்றும் உண்டு.

இரவு பத்து மணிக்கு மேல் வருவது பேச்சு. அறுபது வயது அண்ணாவியை இருபது வயதுக்காரன் "எலே" என்பான். "ஏ கணியான், அந்தப் பாட்டைப் போடு" என்பான். மது உள்ளே போனபிறகு இது வசையாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது. பெண் வேடக்காரர்களுக்கு இரட்டைத் தொல்லை: ரூபாய் நோட்டை ரவிக்கையில் குத்துகிறேன் என்று மேலே கை வைப்பது. இதற்குக் குழுக்கள் கண்ட வழி, அன்பளிப்பு எதுவானாலும் தட்டில் மட்டும், தட்டை ஏந்துபவர் ஜால்ராக்காரர். கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் அண்ணாவி சொல்ல வேண்டும் என்பது இன்னொரு வம்பு. பெயரோடு பட்டம் சேர்க்கவில்லை, முன்னால் கொடுத்தவனைப் பின்னால் சொல்லிவிட்டாய் என்று அடிதடி வரை போகும். நிர்வாகத்தில் ஒருவர் நோட்டில் எழுதி அவரே படிக்கட்டும் என்று அச்சாரத்திலேயே சொல்லிவிட்டால் இந்தப் பழி கலைஞர் தலையில் விழாது. காவல்துறை அனுமதி, ஒலிபெருக்கிக்கான இரவு நேரக் கட்டுப்பாடு இரண்டையும் நிர்வாகமே கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சாமக்கொடை நள்ளிரவில், ஒலிபெருக்கி அணைந்தால் வெறும் தொண்டையில் பாட வேண்டியிருக்கும், தொண்டை போனால் அடுத்த கொடை போயிற்று.

நள்ளிரவுக்கு மேல் கைவெட்டு. விரதம் இருந்த கணியான் முன்கையில் கீறி, சில இடங்களில் நாக்கில் கீறி, இரத்தத்தைச் சோற்றில் சொட்டவிடுவார். அது திரளையாகி மாடனுக்குப் போகும். சாதாரண நேரத்தில் அவர் தொட்ட செம்பை வாங்கத் தயங்கும் கைகள் அந்த நேரத்தில் அவரைக் கும்பிடுகின்றன. விடிந்ததும் பழைய இடத்துக்கே அவர் திரும்பிப் போகிறார். சடங்கு உயர்த்தியதை வழக்கம் இறக்கிவிடுகிறது என்பதைக் கணியான் வாழ்க்கையில் இந்த இரவைப்போல வேறெதுவும் காட்டாது.

கைவெட்டில் உடம்புக்கு வரும் ஆபத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை. அதனால் சொல்லியாக வேண்டும். உறை பிரிக்காத புது பிளேடு ஒருவருக்கு ஒன்று. இருவர் கீறினால் இரண்டு. மணிக்கட்டின் உட்பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே தமனியும் நரம்பும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. முன்கையின் வெளிப்பக்கம், தோல் மட்டும். குடித்திருந்தால் கை நிதானம் தவறும், ஆழம் தெரியாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் புண் ஆறாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சொட்டு நிற்காது. இவர்கள் இருவரும் கீறக் கூடாது. திருநீறையும் மஞ்சளையும் அப்பி மூடுவது வழக்கம். சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவது பாதுகாப்பு. டெட்டனஸ் ஊசி தவணை தவறக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் கீறக் கூடாது. கூட்டம் "இன்னும், இன்னும்" என்று கேட்கும்போதுதான் விபத்து நடக்கிறது. ஒரே கீறல் என்று முதலிலேயே பேசி, அதற்கு மேல் கேட்டால் நிறுத்த அண்ணாவிக்கு உரிமை இருக்க வேண்டும். கைவெட்டே வேண்டாம் என்று சொல்லும் இளைஞர்கள் குழுக்களுக்குள் வந்துவிட்டார்கள். எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்து நடத்த ஊரைச் சம்மதிக்க வைப்பது அவர்கள் உரிமை, அதை மரபுக்குத் துரோகம் என்று வெளியில் நிற்பவர்கள் சொல்லக் கூடாது.

கடைசி நாள் கணக்கு. பேசிய தொகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தரகருக்கு 3,000, வேனுக்கு 4,000, ஒப்பனைக்கும் சில்லறைச் செலவுக்கும் 1,000 போக 22,000 மிச்சம். அண்ணாவிக்கு இரண்டு பங்கு, மகுடக்காரர் இருவருக்கும் ஆட்டக்காரர் இருவருக்கும் ஒன்றரைப் பங்கு வீதம், பின்பாட்டுக்கும் ஜால்ராவுக்கும் ஒவ்வொரு பங்கு என்றால் மொத்தம் பத்துப் பங்கு, ஒரு பங்கு 2,200. இரண்டு இரவு கண்விழித்த ஜால்ராக்காரருக்கு 2,200, ஆட்டக்காரருக்கு 3,300. பங்குனி முதல் ஆடி வரை ஐந்து மாதத்தில் செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்து சுமார் 44 நாள். எல்லாக் கோயிலும் அந்த நாட்களையே பிடிப்பதால் ஒரு குழுவுக்கு 25 கிடைத்தாலே நல்ல ஆண்டு. அப்போதும் ஜால்ராக்காரருக்கு ஆண்டுக்கு 55,000தான். மீதி ஏழு மாதம் கட்டட வேலை, தோவாளையில் பூக் கட்டுவது, செங்கல் சூளை. இந்த ஏழு மாதத்தில் வாங்கிய கடன் அடுத்த அச்சாரத்தில் கழியும். தொகையைப் பேரம் பேசும்போது குழு இறங்கிப் போவதற்கும், அவமானத்தை விழுங்குவதற்கும் இந்தக் கடன் பெரிய காரணம்.

கணக்குத் தீர்க்கும் விதத்திலும் சாதி இருக்கிறது. பூசாரிக்கும் சாமியாடும் கோமரத்தாடிக்கும் தாம்பூலத்தோடு கையில். கணியானுக்குத் தரையில் விரித்த துண்டில் போடுவது பழைய முறை. வாழிப்பாட்டு முடிந்தபிறகு "பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வாரம்" என்று பத்தோ பன்னிரண்டோ ஆயிரத்தை நிறுத்திவைப்பதும் நடக்கிறது. முழுத் தொகையும் திரளைக்கு முன்பே தீர வேண்டும் என்று சில அண்ணாவிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். சடங்கு பாக்கி இருக்கும்வரைதான் ஊருக்கு அவர்கள் தேவை என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள்.

பாடும் கதைக்குள்ளும் சாதி உண்டு. சுடலைமாடன் கதையில் பெரிய மந்திரவாதியாக வருபவர் காளிப்புலையன். மாடன் அவர் குடும்பத்தை அழித்து, அவர் மகளைச் சீரழிக்கும் பகுதியை விரிவாகப் பாடச் சொல்லிக் கேட்கும் கூட்டம் இருக்கிறது. கேட்கும் கூட்டத்தில் புலையர் சமூகத்துப் பிள்ளைகளும் நிற்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. வில்லில் பாடப்படும் முத்துப்பட்டன் கதை இன்னொரு விதம். பிராமணனான பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் குடுமியையும் பூணூலையும் விட்டுச் செருப்புத் தைக்கிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமான பட்டனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். சாதியைத் தாண்டிய அந்தக் கதையிலும், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்து வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு பகுதி சேர்ந்துவிட்டது. கலப்பு மணத்தைக் கேட்போர் பொறுத்துக்கொள்ளப் போட்ட சமாதானம் அது.

பாட்டு ஏடுகளில் கல்லெழுத்து கிடையாது. எதை விரிப்பது, எதை நாலு அடியில் கடப்பது என்பது அண்ணாவி கையில். காளிப்புலையன் பகுதியில் அவருடைய மந்திர வல்லமையையும் தந்தையாக அவர் துடிப்பதையும் விரித்து, சாதிச் சொல்லால் ஏசும் வரிகளை விட்டுவிட்டால் கதை கெடாது; மாடனின் சீற்றம் இன்னும் பயங்கரமாகவே தெரியும். மாடனே கயிலையிலிருந்து வெளியேற்றப்பட்டவன், சுடுகாட்டுப் பிணம் தின்றதற்காக ஒதுக்கப்பட்டவன். அந்த ஒதுக்கலை ஓர் அண்ணாவி நிறுத்திப் பாடும்போது பந்தலின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு அது யார் கதை என்று தெரியும். இந்தத் தேர்வுகளைத்தான் கலைஞரின் உறுதி என்று நாம் சொல்ல வேண்டும். வறுமையிலும் சிரித்தபடி ஆடுகிறார் என்று புகழ்வதில் அவருக்கு எந்த மரியாதையும் இல்லை.

கணியான் குழு மட்டும் பாதிக்கப்பட்டது, அதற்குக் கீழே யாரும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மேளக்காரர், பந்தல்காரர், பலியாட்டைத் தோலுரிப்பவர் என்று ஒரே கொடையில் பல படிகள். படியில் ஒன்று மேலே நிற்பவர் கீழே நிற்பவரோடு ஒரே பாயில் உட்காரத் தயங்குவது கலைஞர்களுக்குள்ளும் உண்டு. எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஒரே பந்தி கேட்டால் நிர்வாகத்தால் மறுக்க முடியாது. தனித்தனியாகக் கேட்பதால் மறுக்கிறது.

பிறகு காகிதம். சட்டமும் நலத்திட்டமும் சாதிச் சான்றிதழிலிருந்து தொடங்குகின்றன. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் சான்று, பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ வாங்க வேண்டும், விசாரணை நீளும். குமரியில் காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியும் உண்டு, சோதிடம் பார்க்கும் கணியர் என்ற வேறு சமூகமும் உண்டு. விண்ணப்பத்தில் ஓர் எழுத்து மாறினால் கோப்பு திரும்பி வரும். தந்தையின் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று குழந்தை பள்ளியில் சேரும்போதே சரிபார்த்துவிட வேண்டும். பிளஸ் டூ முடிந்தபிறகு ஓடினால் கல்லூரிச் சேர்க்கை தவறிவிடும். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்குப் போன குடும்பத்துக் கலைஞர் நிலை இன்னும் கடினம். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் உள்ளவர்களுக்கே பட்டியல் சாதி உரிமை. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடப்படுகிறார்கள். மயிலாடி தொடங்கி இருநூறு ஆண்டுகளாகத் தேவாலயத்துக்குப் போகும் குடும்பத்தையும் ஊர் பழைய சாதிப் பெயரால்தான் ஏசுகிறது, ஆனால் அந்த வசைக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. பழங்குடிக்கு இந்த மதத் தடை இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது; 2015இல் விரிவாக்கப்பட்டது. பொதுமக்கள் பார்வை படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும் இழிவுபடுத்துவதும் குற்றம். கொடைப் பந்தல் பொதுப் பார்வைதான். பூட்டிய அறைக்குள் ஏசினால் நிரூபிப்பது கடினம். அதனால் கணக்குத் தீர்ப்பதைக்கூட நாலு பேர் முன்னால் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நடந்தால் செய்ய வேண்டியவை: ஏசிய சொல்லை அப்படியே எழுதுவது, நேரம், இடம், பக்கத்தில் நின்றவர் பெயர், குழுவுக்கு வெளியே ஒரு சாட்சியாவது. கைப்பேசிக் காணொளியை வெட்டாமல் மூலக் கோப்பாகவே வைத்திருக்க வேண்டும். புகாரில் தன் சாதியையும், தெரிந்தவரை எதிராளியின் சாதியையும் குறிப்பிட வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு முதல் தகவல் அறிக்கை பதியும் முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவர், கெடு 60 நாள். இத்தகைய வழக்குகளில் நிவாரணத் தொகையின் 25 சதவீதம் முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே தர வேண்டும். நிலையத்தில் எடுக்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்; 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், அதற்கும் மனு போடலாம்.

இவ்வளவு இருந்தும் புகார்கள் குறைவு. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே குழுவினர், அவர்கள் பிழைப்பு அதே ஊர்களில். புகார் கொடுத்த மறுநாள் திருட்டு என்றோ தகராறு என்றோ எதிர்ப்புகார் வரும். ஆகவே பெரும்பாலும் சமரசம்: நிர்வாகத் தலைவர் ஒரு வேட்டி துண்டு போர்த்தி மன்னிப்புக் கேட்பதோடு முடியும். எல்லாக் குழுக்களும் சேர்ந்த ஒரு சங்கத்தின் பெயரில் கடிதம் போனால் தனி ஒருவர் பகை வாங்க வேண்டியதில்லை. அந்த ஊருக்கு எந்தக் குழுவும் போகாது என்று சொல்லும் பலம் சங்கத்துக்கு மட்டுமே உண்டு.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்து அட்டை வைத்திருப்பது உதவித்தொகைக்கு மட்டுமல்லாமல், தான் அரசு ஏற்ற கலைஞர் என்பதற்கான சான்றாகவும் பயன்படுகிறது. இயல் இசை நாடக மன்றத்தின் நலிந்த கலைஞர் ஓய்வூதியத்துக்கு நிகழ்ச்சிச் சான்றுகள் வேண்டும். கொடை நோட்டீஸ்களைச் சேர்த்து வைக்காத கலைஞர் ஐம்பத்தெட்டு வயதில் தன் நாற்பது ஆண்டு உழைப்புக்குத் தாள் இல்லாமல் நிற்கிறார். அரசு விழாக்களிலும் கல்லூரிகளிலும் மேடை கிடைப்பது நல்ல மாற்றம்: அங்கே நாற்காலி உண்டு, சால்வை உண்டு, பெயரோடு அறிமுகம் உண்டு. பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள் என்பது குறை. கதை போய் மகுட அடியும் ஆட்டமும் மட்டும் மிஞ்சும். ஆனால் அந்த மேடையில் பெற்ற மரியாதையைக் கொடைப் பந்தலுக்குள் கொண்டுவரக் கற்றுக்கொண்ட அண்ணாவிகள் இருக்கிறார்கள்.

அவர்கள் கொண்டுவரும் இடங்களில் ஒன்று அந்த நோட்டீஸ். கொடை நோட்டீஸில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் பட்டத்தோடு இருக்கும்; வில்லிசைப் புலவர் பெயர் படத்தோடு இருக்கும்; கீழே ஒரு வரியில் "கணியான் கூத்து நடைபெறும்" என்று மட்டும் இருக்கும். இப்போது அச்சாரத் தாளில் ஒரு நிபந்தனை சேர்க்கிறார்கள்: அண்ணாவி பெயர், ஊர், "குழுவினர் வழங்கும்" என்ற சொல் மூன்றும் நோட்டீஸில் வர வேண்டும், அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பைக் கைப்பேசியில் அனுப்ப வேண்டும், மற்றக் கலைஞர்களுக்குப் போடும் அதே எழுத்தளவில் போட வேண்டும். பாதி ஊர்கள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கின்றன. மறுக்கும் ஊர்களிடம் காரணம் கேட்டால் பதில் வருவதில்லை. இரண்டாவது முறை கேட்டபிறகு பெயர் வருகிறது.